அப்பாவோட 50%, சிம்பன்ஸியோட 98.8%: கணக்கு எங்க இடிக்குது?

கேள்வி: மேடம், எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் சுத்திட்டு இருக்கு. மனுஷ டி.என்.ஏ சிம்பன்ஸியோட 98.8%, பூனையோட 90%, எலியோட 85%, வாழைப்பழத்தோட 60% ஒத்துப்போகுதாம். பதினொண்ணாவது படிக்கற என் பொண்ணு, "அப்பாகிட்டருந்து 50% தான் வருதுன்னு புக்ல போட்டிருக்கு, அப்ப எனக்கு அப்பாவை விட சிம்பன்ஸி நெருக்கமா, வாழைப்பழமே அப்பாவை முந்திடுச்சே"ன்னு கேக்கறா. நான் பி.காம், முழிச்சுட்டு நின்னேன். அடுத்தது, எங்க பூனைக்கு உடம்பு சுடுதுன்னு மாமனார் பாராசிட்டமால்ல பாதியை உடைச்சு பால்ல கலக்கப் போனார், 90% நம்மள மாதிரிதானேங்கறார். நான் தட்டிவிட்டுட்டேன், ரெண்டு நாளா வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல. கடைசியா, என் தம்பிக்கு எங்க தாய்மாமா பொண்ணைப் பேசறாங்க. சொந்தத்துல வேண்டாமேன்னு நான் சொன்னதுக்கு, "சிம்பன்ஸியோடயே 98.8, மாமா பொண்ணு வெறும் 12.5 தானே, இதுல என்ன ரிஸ்க்"னு அதே குரூப்ல ஒருத்தர் போட்டிருக்கார். எதை நம்பறது?
(பேர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

மொதல்ல பூனையை முடிச்சுடலாம், ஏன்னா அதுதான் உயிர் சமாச்சாரம். நீங்க தட்டிவிட்டது நூத்துக்கு நூறு சரி. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், பாதி மாத்திரை போதும் ஆளைக் காலி பண்றதுக்கு, கால் மாத்திரை கூட குடுக்கக்கூடாது. நம்ம கல்லீரல் அந்த மருந்தோட ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டவெச்சு, தண்ணில கரையற மாதிரி ஆக்கி, யூரின்ல தள்ளிவிட்டுடும். ஒட்டவைக்கற அந்த வேலைக்கான ஜீன் பூனைக்கு உடைஞ்சு கிடக்கு, ஜீனோட எச்சம் இருக்கு, வேலை நடக்காது. அதனால மருந்து வெளிய போக வழியில்லாம வேற ரூட்ல உடைஞ்சு, ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினையே கெடுத்துடும், ஆக்ஸிஜன் தூக்க முடியாது, ஈறு பழுப்பாயிடும், மூஞ்சி வீங்கும், மூச்சு வாங்கும். எப்பவாவது தவறி தின்னுடுச்சுன்னா காத்திருந்து பாக்காதீங்க, உடனே வெட்டினரி டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க, சீக்கிரம் போனா விஷத்தை முறிக்கற மருந்து இருக்கு.

இந்த ஜீன் புலி, சிங்கத்துக்கும் இதே மாதிரி உடைஞ்சுதான் இருக்கு, அந்த குடும்பத்துக்கே அப்படி. வெறும் கறி தின்னு வாழற ஜாதி, செடிகொடில வர்ற விஷத்தை முறிக்க வேண்டிய தேவை இல்லாம போச்சு, அதனால அது உடைஞ்சதுல அதுக்கு நஷ்டம் வரலைன்னுதான் நாங்க நினைக்கறோம். மாத்திரைன்னு ஒண்ணு வரும்னு அதுக்கு யாரும் சொல்லல பாவம். இன்னொரு விஷயம், பூனையோட நார்மல் உடம்பு சூடே 38-லேருந்து 39 டிகிரி செல்சியஸ், தொட்டாலே நமக்கு சுடற மாதிரிதான் இருக்கும். காய்ச்சலே இல்லாம கூட இருந்திருக்கலாம். மாமனார்கிட்ட இதை சண்டையா சொல்லாம சொல்லுங்க, அவர் போட்ட கணக்கை பெரிய பெரிய ஆளுங்களே போட்டு மாட்டிருக்காங்க, அதுக்கு பின்னாடி வர்றேன்.

இப்ப உங்க பொண்ணு கேட்டது. என்கிட்ட காலேஜ் பசங்க கேக்கற கேள்வியை விட நல்ல கேள்வி இது, உண்மையா சொல்றேன். அவ இடிக்குதுன்னு சொல்ற ரெண்டு நம்பரும் சரி, ஆனா ரெண்டும் ஒரே விஷயத்தை எண்ணல.

உங்க பொண்ணு பர்ஸ்ல பத்து 500 ரூபா நோட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க, அஞ்சு அப்பா குடுத்தது, அஞ்சு நீங்க குடுத்தது. "இதுல எத்தனை அப்பாவோடது"ன்னு கேட்டா 50%. "இந்த நோட்டும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பர்ஸ்ல இருக்கற நோட்டும் எவ்ளோ ஒரே மாதிரி இருக்கு"ன்னு கேட்டா கிட்டத்தட்ட 100%, சீரியல் நம்பர் மட்டும்தான் வேற. மொத கேள்வி யார்கிட்டருந்து வந்துச்சுங்கறது, ரெண்டாவது எவ்ளோ ஒத்துப்போகுதுங்கறது. புக்ல இருக்கற 50% மொத வகை. வாட்ஸ்அப் படத்துல இருக்கற 98.8% ரெண்டாவது வகை. ஆன்ட்டி நோட்டு உங்க நோட்டு மாதிரியே இருக்குங்கறதுக்காக அவங்க உங்க பொண்ணுக்கு பாக்கெட் மணி குடுத்ததா ஆகாதுல்ல.

அப்ப ரெண்டையும் ஒரே அளவுல வெச்சா? நம்மகிட்ட ஒரு செட்டுல சுமார் 300 கோடி எழுத்து டி.என்.ஏ இருக்கு (ஏ, டி, ஜி, சி நாலே எழுத்துதான் திரும்பத் திரும்ப). உலகத்துல எந்த ரெண்டு பேரை எடுத்து எழுத்து எழுத்தா ஒப்பிட்டாலும் 99.9% மாதிரி ஒத்துப்போகும், முன்ன பின்ன தெரியாத ஆளா இருந்தாலும். அப்பான்னா அதுக்கும் மேல. சிம்பன்ஸி 98.8. அப்பா ஜெயிச்சுட்டார், நிம்மதியா சொல்லுங்க. பாக்கறதுக்கு ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல தெரியும், ஆனா 300 கோடில 0.1%ன்னா முப்பது லட்சம் எழுத்து, 1.2%ன்னா மூணரை கோடி எழுத்து, பத்து மடங்குக்கு மேல வித்தியாசம்.

அந்த 98.8க்குள்ள என்ன இருக்குன்னும் பாத்துடலாம், ஏன்னா அதுலயும் ஒரு ஒளிவுமறைவு இருக்கு. 2005ல சிம்பன்ஸி ஜீனோமை (ஒரு உயிரோட மொத்த டி.என்.ஏவுக்கும் அதான் பேரு) மொத தடவை முழு அளவுல படிச்சு வெளியிட்டாங்க. மனுஷனோடதையும் அதையும் நேருக்கு நேர் வைக்க முடிஞ்ச இடத்துல மட்டும் எண்ணினப்போ மூணரை கோடி இடத்துல ஒரு எழுத்துக்கு பதில் வேற எழுத்து, அதாவது 1.23%. நூறுலேருந்து அதைக் கழிச்சா உங்க படத்துல இருக்கற 98.8 வந்துடும். ஆனா அது எழுத்து மாறின கணக்கு மட்டும்தான். ஒரு பக்கம் இருக்கற துண்டு இன்னொரு பக்கம் இல்லவே இல்லங்கற கேஸ் தனியா சுமார் 50 லட்சம், சிலது ஒத்தை எழுத்து, சிலது ஆயிரக்கணக்குல. அதையும் சேத்தா வித்தியாசம் 4% பக்கம் போயிடும். 2025ல சிம்பன்ஸி மாதிரி வாலில்லாக் குரங்குகளோட ஜீனோமை ஒரு முனைலேருந்து மறு முனை வரை விடாம படிச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல எட்டுல ஒரு பங்குக்கு மேல நேருக்கு நேர் சுலபமா வைக்கவே முடியாத பகுதின்னு தெரிஞ்சுது: ஒரே துண்டு பல காப்பியா பெருகினது, தலைகீழா திரும்பினது, ஒரே சொல்லை நூறு தடவை எழுதின மாதிரி இருக்கற இடம்.

உடனே நெட்ல ஒரு கூட்டம் "98.8 பொய், 85 தான் உண்மை, பரிணாமம் காலி"ன்னு கிளம்பிடுச்சு. எனக்கு இதுல கோவம் வரும். அதே முறைல ரெண்டு மனுஷங்களை வெச்சு எண்ணினாலும் அந்த 99.9 இறங்கிடும், அதுக்காக நாம வேற வேற இனம்னு யாராவது சொல்வாங்களா? நேருக்கு நேர் வைக்க முடிஞ்ச இடத்துல எழுத்து வித்தியாசம் இன்னமும் ஒண்ணரை சதவீதம் பக்கத்துலயேதான் இருக்கு. எதை எண்ணினோம்னு சொன்னா 98.8ம் சரி, 96ம் சரி, அதை விட குறைஞ்ச நம்பரும் சரி, சொல்லாம விட்டா மூணும் தப்பு.

வாழைப்பழத்துக்கு வருவோம். அந்த 60% டி.என்.ஏ எழுத்தை எண்ணின கணக்கே இல்ல. மனுஷனுக்கு புரோட்டீன் செய்யற ஜீன் ஒரு 20,000 இருக்கு, அதுல ஒவ்வொண்ணுக்கும் வாழைல அடையாளம் தெரியற அளவுக்கு ஜாடை ஒத்துப்போற ஜீன் ஏதாவது இருக்கான்னு கம்ப்யூட்டர்ல தேடினாங்க, சுமார் 60%க்கு ஏதோ ஒண்ணு மாட்டுச்சு. அப்படி மாட்டின ஜீன் செய்யற புரோட்டீன்களை பக்கத்துல வெச்சா சராசரியா 40% தான் ஒத்துப்போச்சு. அதுவும் அந்த 20,000 ஜீன் சேந்தா நம்ம டி.என்.ஏல ஒண்ணு ரெண்டு சதவீதம்தான், மிச்சம் இருக்கறதுல பெரும்பாலானதை வாழையோட ஒப்பிடவே முடியாது. சும்மா நாலு எழுத்தை கண்ணை மூடிட்டு தட்டி ஒரு நீளமான வரிசை எழுதினா கூட உங்க டி.என்.ஏவோட 25% ஒத்துப்போகும், எழுத்தே நாலுதானே!

பூனை 90ம் இதே ஜீன் தேடற கணக்குதான். எலி 85 மறுபடி வேற: புரோட்டீன் செய்யற பகுதிகளை மட்டும் எடுத்து அதுக்குள்ள எழுத்து எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு சராசரி போட்டது. 2002ல எலி ஜீனோம் வந்தப்போ மொத்த டி.என்.ஏல 40% தான் மனுஷனோடதோட பக்கத்துல வைக்க முடிஞ்சுது. ஆக அந்த படத்துல ஒரு நம்பர் எழுத்து, ஒண்ணு ஜீன் எண்ணிக்கை, ஒண்ணு பொறுக்கி எடுத்த பகுதியோட எழுத்து, எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல வரிசையா போட்டு ராங்க் லிஸ்ட் ஆக்கிட்டாங்க. நீங்க பி.காம், வேற வேற யூனிட்ல இருக்கற நம்பரை ஒரே பட்டியல்ல போட்டு கொண்டுவந்தா கையெழுத்து போடுவீங்களா?

அதுக்காக இந்த ஒத்துமையெல்லாம் சும்மான்னு நினைச்சுடாதீங்க. வாழையோட நமக்கு ஒத்துப்போற ஜீன் எல்லாம் பாத்தா ரொம்ப அடிப்படையான வேலைக்காரங்க: டி.என்.ஏவை காப்பி எடுக்கறது, சர்க்கரையை உடைச்சு சக்தி எடுக்கறது, புரோட்டீன் கட்டறது. செடிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை நூறு கோடி வருஷத்துக்கும் முன்னாடி இருந்த ஒத்தை செல் உயிர், அதுகிட்ட இருந்த சாமான்கள்தான் இன்னும் ரெண்டு பக்கமும் ஓடிட்டு இருக்கு. ரொட்டி மாவு பொங்கறதுக்கு போடற ஈஸ்ட்டை எடுத்து 2015ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஒரு சோதனை பண்ணாங்க. இது இல்லாம ஈஸ்ட் செத்துடும்ங்கற மாதிரி ஜீன் 414 எடுத்து, ஒவ்வொண்ணா நிறுத்திட்டு அந்த இடத்துல மனுஷ ஜீனை போட்டுப் பாத்தாங்க. கிட்டத்தட்ட பாதி கேஸ்ல ஈஸ்ட் பாட்டுக்கு வாழ்ந்துச்சு, நம்ம ஜீனை வெச்சுட்டு! எனக்கு 98.8ஐ விட இதுதான் மலைப்பா இருக்கும்.

சொந்தம் எவ்ளோன்னு தெரிஞ்சுக்க சதவீதத்தை விட நல்ல சாட்சி இருக்கு, உடைஞ்ச ஜீன்தான். வைட்டமின் சி எலி, நாய், மாடு எல்லாம் உடம்புக்குள்ளயே செஞ்சுக்கும். நாம நெல்லிக்காய் எலுமிச்சைன்னு தேடி சாப்பிடணும், ஏன்னா கடைசி படியை செய்யற ஜீன் நமக்கு உடைஞ்சு, பல துண்டு காணாம போய் கிடக்கு. சிம்பன்ஸிக்கும் அப்படியே, கோயில்ல தேங்காய் பிடுங்கற நம்ம ஊர் குரங்குக்கும் அப்படியே. ஆனா கடவூர், அய்யலூர் காட்டுல இருக்கற தேவாங்கு, அதுவும் குரங்குக்கு சொந்தம்தான், அந்த வகைல ஜீன் நல்லா வேலை செய்யுது. அதாவது தேவாங்கு கிளை பிரிஞ்சு போன பிறகு நம்ம கிளைல எங்கயோ ஒரு தடவை உடைஞ்சுது, அந்த உடைசலை நாம எல்லாரும் சுமந்துட்டு வர்றோம். கினிப் பன்றிக்கும் இதே ஜீன் உடைஞ்சிருக்கு, ஆனா தனியா, வேற மாதிரி உடைஞ்சிருக்கு. நல்லா ஓடற ஜீன் ஒரே மாதிரி இருந்தா வேலை ஒண்ணு அதனால அப்படின்னு சொல்லி தப்பிக்கலாம், ஒரே மாதிரி உடைஞ்சதுக்கு ஒரே தாத்தா பாட்டிங்கறதைத் தவிர என்ன காரணம் சொல்றது?

சரி, 98.8% ஒண்ணுன்னா அவங்க ஏன் மரத்துல இருக்காங்க நாம ஏன் ஃபோன்ல இருக்கோம்? 1975லயே மேரி-கிளேர் கிங், ஆலன் வில்சன்னு ரெண்டு பேர் இதை கேட்டாங்க. புரோட்டீன்ல வித்தியாசம் 1% பக்கம்தான் வருது, இவ்ளோ சின்ன வித்தியாசத்தை வெச்சு உடம்புல இருக்கற வித்தியாசத்தை விளக்க முடியாது, அப்ப எந்த ஜீன் எப்போ எங்க எவ்ளோ நேரம் வேலை செய்யணும்ங்கற கட்டுப்பாட்டுலதான் விஷயம் இருக்கணும்னு எழுதினாங்க. அது பெரும்பாலும் சரின்னு ஆகிட்டே வருது. எச்.ஏ.ஆர்.1னு ஒரு துண்டு இருக்கு, 118 எழுத்துதான், கருவுல மூளை உருவாகற சமயத்துல வேலை செய்யறது. கோழிக்கும் சிம்பன்ஸிக்கும் நடுவுல 30 கோடி வருஷம் ஓடியும் அதுல மாறினது ரெண்டே எழுத்து. சிம்பன்ஸிக்கும் நமக்கும் நடுவுல வெறும் அறுபது எழுபது லட்சம் வருஷம், மாறினது 18. சராசரி சதவீதத்துல இந்த 18 எழுத்து தூசு, கண்ணுக்கே தெரியாது.

மாமனார் கணக்குக்கு வர்றேன்னு சொன்னேன்ல. 2006 மார்ச்ல லண்டன்ல ஒரு புது மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்கு குடுத்தாங்க, டி.ஜி.என்.1412ன்னு பேரு, நோய் எதிர்ப்பு செல்லோட மேல இருக்கற சி.டி.28ங்கற புரோட்டீனை தட்டி எழுப்பற மருந்து. அதுக்கு முன்னாடி குரங்குக்கு குடுத்து பாத்திருந்தாங்க, மனுஷனுக்கு குடுத்ததை விட 500 மடங்கு டோஸ், குரங்குக்கு ஒண்ணும் ஆகல. மருந்து போய் ஒட்டற அந்த புரோட்டீனோட வெளிப்பகுதி குரங்குக்கும் மனுஷனுக்கும் 100% ஒண்ணு, ஒரு எழுத்து கூட மாறல. 98 இல்ல, 90 இல்ல, நூறு! அப்புறம் என்ன பயம்னு குடுத்தாங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆறு பேரும் துடிச்சு, ஐ.சி.யூவுக்கு போய், உறுப்பு ஒவ்வொண்ணா ஸ்டிரைக் பண்ணி, உயிர் பொழைச்சதே பெரிசு, ஒருத்தருக்கு விரல்களே போச்சு. பின்னாடி ஆராய்ஞ்சப்போ தெரிஞ்சுது, புரோட்டீன் ஒண்ணுதான், ஆனா குரங்குல ஒரு வகை நினைவு செல் (முன்னாடி வந்த கிருமியை ஞாபகம் வெச்சுக்கற நோய் எதிர்ப்பு செல்) அந்த புரோட்டீனை தன் மேல வெச்சுக்கறதே இல்ல, மனுஷனுக்கு அந்த செல் மேல அது இருக்கு. ஒரே சாமான், வெச்சிருக்கற இடம் வேற. அதனால மாமனாரை ரொம்ப திட்டாதீங்க, அவரு பாதி மாத்திரையோட நின்னுட்டார்.

எதிர் பக்கமும் உண்டு. பன்னி நமக்கு குரங்கை விட ரொம்ப தூரத்து சொந்தம், ஆனா பன்னியோட இன்சுலின் நம்ம இன்சுலின்லேருந்து 51 அமினோ அமிலத்துல (புரோட்டீனைக் கட்டற செங்கல்) ஒரே ஒரு இடத்துலதான் வேற, அதை வெச்சுதான் பல வருஷம் சுகர் பேஷன்ட்டுங்க உயிர் வாழ்ந்தாங்க. 2022ல மனுஷனுக்கு பன்னி இதயம் வெச்சப்போ பத்து ஜீனை திருத்திதான் வெச்சாங்க, அப்படியும் அவர் ரெண்டு மாசம்தான் இருந்தார். எந்த வேலைக்கு எந்த மிருகம் ஒத்துவரும்ங்கறதை அந்தந்த வேலைக்கான ஜீனை பாத்துதான் முடிவு பண்ணணும், மொத்த மார்க்கை பாத்து இல்ல.

இனி உங்க தம்பி கல்யாணம். இதைத்தான் நான் ரொம்ப கவனமா படிச்சேன், தினமும் கிளினிக்ல பாக்கற விஷயம். குரூப்ல போட்டவர் ரெண்டு வகை நம்பரையும் கலந்துட்டார். 12.5% யார்கிட்டருந்து வந்துச்சுங்கற வகை: மாமா பொண்ணும் உங்க தம்பியும் எட்டுல ஒரு பங்கை ஒரே தாத்தா பாட்டிகிட்டருந்து (உங்க அம்மாவை பெத்தவங்க) வாங்கிட்டு வந்திருக்காங்க. சிம்பன்ஸியோட 98.8 இதுக்கு நூல் அளவு கூட சம்பந்தம் இல்லாத நம்பர்.

பெரும்பாலான ஜீன் நம்மகிட்ட அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பியா இருக்கும். நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் பழுதான ஜீன் சிலது ஒத்தை காப்பியா இருக்கும், இன்னொரு காப்பி நல்லா இருக்கறதால வெளிய தெரியாது. அசல்ல கட்டினா அதே பழுது எதிர்ப்பக்கமும் இருக்கறதுக்கு வாய்ப்பு கம்மி. தாத்தாகிட்ட இருந்த ஒரு பழுது பேரனுக்கும் போய் பேத்திக்கும் போய், அவங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா, அது குழந்தைகிட்ட ரெண்டு காப்பியா சேர வழி இருக்கு. குழந்தையோட டி.என்.ஏல சராசரியா 6.25% இடத்துல அப்பா காப்பியும் அம்மா காப்பியும் ஒரே மூதாதைகிட்டருந்து வந்த அதே காப்பியா இருக்கும், அக்கா பொண்ணை கட்டினா அது 12.5%. பொதுவா எந்த தம்பதிக்கும் நூறு குழந்தைல ரெண்டு மூணுக்கு பிறவிலயே ஏதாவது பெரிய குறை இருக்கும், மாமா பொண்ணு அத்தை பையன்னா அதோட இன்னும் ரெண்டு மூணு கூடும். பயமுறுத்த சொல்லல, நூத்துக்கு தொண்ணூத்தி அஞ்சு பக்கம் நல்லாத்தான் பொறக்குது. ஒண்ணும் இல்லைங்கறதும் பொய், கண்டிப்பா குறையோட பொறக்கும்ங்கறதும் பொய்.

உங்க குடும்பத்துக்கு அது கூடவா கம்மியாங்கறதை சராசரி சொல்லாது, குடும்ப விவரம்தான் சொல்லும். மூணு தலைமுறைக்கு ஒரு பேப்பர்ல எழுதுங்க: சின்ன வயசுல தவறின குழந்தைங்க, பொறவிலயே காது கேக்காதவங்க, சின்ன வயசுலயே பார்வை மங்கினவங்க, புத்தி வளர்ச்சி கம்மியா இருந்தவங்க, அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிட்டவங்க. வீட்டுல பேச மாட்டாங்க, மறைப்பாங்க, வயசான பாட்டி யாராவது இருந்தா தனியா உக்காந்து கேளுங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும். அந்த பேப்பரோட பையனும் பொண்ணும் நிச்சயத்துக்கு முன்னாடியே ஒரு ஜெனடிக் கவுன்சிலரை பாக்கட்டும், தலசீமியாவுக்கான (பரம்பரையா வர்ற ஒரு ரத்த சோகை) ரத்த டெஸ்ட்டும் எடுத்துடலாம், பெரிய செலவு இல்ல. அவங்க பாத்துட்டு வேற டெஸ்ட் வேணும்னா சொல்வாங்க.

அப்புறம் ஒண்ணு, உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தத்துல கட்டினவங்களா, மாமா கட்டினதும் சொந்தத்துலயான்னு நீங்க எழுதல. அதை மொதல்ல கேட்டு வைங்க, அப்படி இருந்தா உங்க தம்பிக்கும் அந்த பொண்ணுக்கும் நடுவுல இருக்கறது 12.5 இல்ல, அதை விட கூட.